காலி மனைக்கு ஓர் ஒதுக்கீட்டு மனு

அனுப்புநர்: மதிலுக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரன், ஒரகடம்.
பெறுநர்: மனை ஒதுக்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்.
பொருள்: காலி மனை காலியாக இல்லாதது தொடர்பாக.

ஐயா,

எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டிய நிலத்தில் 'காலி மனை' என்று பலகை நட்டிருக்கிறீர்கள். அதன் உச்சியில் தினமும் ஒரு கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கிறது. அதற்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அங்கே ஏற்கெனவே தொழில் நடத்துவோர் சார்பில் நானே விண்ணப்பிக்கிறேன்.

எத்தனை ஷிப்ட் என்று கேட்பீர்கள். மூன்றுதான், பக்கத்து ஆலைகளைப் போலவே. விடியலில் தவிட்டுக்குருவிகள். வெயில் ஏறியபின் ஜெனரல் ஷிப்டுக்கு உடும்பு வருகிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணைக்காரர், கொஞ்சம் மரியாதையாகவே நடத்தவும். இரவில் புள்ளி ஆந்தை. யாருக்கும் கம்பெனி பஸ் வேண்டாம். கேன்டீனும் வேண்டாம், ஆனி பிறந்து வேப்பம்பழம் உதிரத் தொடங்கிவிட்டது. எலி ஒழிப்புக்கு டெண்டர் விடத் தேவையில்லை. சாரைப்பாம்பு பில் அனுப்புவதில்லை.

காவலுக்கு ஆள்காட்டிக் குருவி. இரவு பகல் பாராமல், யார் வந்தாலும் ஊரைக் கூட்டும். கத்திரி முடிந்தும் தணியாத இந்த வெயிலில், நிழலே இல்லாத ஜல்லித் தரையில் நான்கு முட்டை இட்டிருக்கிறது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருகிறது. மின் இணைப்பே கேட்காத குளிரூட்டும் ஏற்பாடு! உங்கள் படிவத்தில் 'புதுமைத் தொழில்நுட்பம்' என்று கட்டம் இருந்தால் இதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. தவிட்டுக்குருவிகளிடம் சங்கம் இருக்கிறது. ஒன்று காவல் நிற்க மற்றவை மேய்கின்றன. ஒரு கூட்டுக் குஞ்சுக்குக் கூட்டமே இரை ஊட்டுகிறது. ஒன்றைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து கத்துகின்றன. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த வட்டாரம் இது. ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் பேசிப் பார்க்கிறேன். கேட்பார்கள் என்ற உறுதி இல்லை.

பசுமைக் கணக்குக்கு வருவோம். ஆலை வளாகத்தில் 33 சதவீதம் பசுமை வேண்டும் என்றால் மதிலோரம் கோனோகார்பஸை வரிசையாக நட்டு, மட்டமாகக் கத்தரித்து, படம் எடுத்து அனுப்பினால் கணக்கு நேராகிவிடுகிறது. குஜராத் 2023இலேயே அந்த மரத்துக்குத் தடை போட்டது. அதில் ஒரு கூட்டையும் இதுவரை நான் பார்த்ததில்லை. இந்த மனையிலோ யாரும் நடாத எருக்கு. அதில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. புழு அந்த இலையைத் தின்று, எருக்கம்பாலின் நஞ்சையே தன் கவசமாக்கிக்கொள்கிறது. மாடு முகம் திருப்பும் செடியை மூலப்பொருளாக்கிய தொழில் வேறு எங்கே உண்டு? ஆனால் இதன் பெயர் உங்கள் கோப்பில் 'புதர்'.

முதலீட்டாளர் ஓடிவிடுவாரோ என்ற பயமும் வேண்டாம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் நிறுத்திக்கொண்டது. எருக்கு வரிச் சலுகை கேட்காது, வரித் தகராறில் சிக்காது, விரட்டினாலும் போகாது.

ஒதுக்கீடு உடனே நடக்காது என்று தெரியும். கோப்பு நகரும்வரை ஓர் இடைக்காலக் கோரிக்கை. ஆள்காட்டியின் முட்டை பொரிய நான்கு வாரம், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆடி கழியும்வரை 'புதர் அகற்றும் பணி' என்று ஜேசிபி அனுப்பாதீர்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் அந்த முட்டைகள் ஜல்லியாகத்தான் தெரியும்.