துளை அழிவின்மைக் கோட்பாடு

புது லேப்டாப்பில் பழைய துளைகள் அழிந்துவிட்டன என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. துளைகள் அழிவதில்லை, இடம் பெயர்கின்றன. விலாவில் இருந்தவை இன்று ஹப்பாகவும் கன்வெர்ட்டராகவும் லேன் அடாப்டராகவும் பையின் முன் ஜிப்புக்குள் குடியேறியுள்ளன. எனவே லேப்டாப்பை மட்டும் தூக்கிப் பார்த்து 'எவ்வளவு லேசு!' என வியப்பது ஆய்வு நெறிக்குப் புறம்பு. பையோடு நிறுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெயர்ந்த துளைகளுள் தலையாயது விஜிஏ. 1987இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளோடு பிறந்தது. மூன்று வரிசையில் 15 ஊசி, இருபுறமும் திருகு. (இரண்டு திருகையும் முழுக்க முடுக்கியவரை யான் கண்டதில்லை. ஒன்றைப் பாதி திருகிவிட்டுப் 'போதும்' என்பதே உலக வழக்கு.) 2015க்குள் இதைக் கைவிடப்போவதாக இன்டெலும் ஏஎம்டியும் வேறு சில நிறுவனங்களும் 2010 டிசம்பரில் அறிவித்தன. அந்த அறிவிப்பு நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தின் கூரை வரை எட்டவில்லை. அங்கே தொங்கும் புரொஜெக்டரிலிருந்து நீல முனைக் கேபிள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

துளை பெயர்ந்தபோது அதிகாரமும் பெயர்ந்தது. இதை முன்னையோர் கவனிக்கவில்லை. சிறப்பு விருந்தினர் மேடையில் விழிக்க, எச்.ஓ.டி. அட்டெண்டரைத் தேடி ஓடுவார்.

"அண்ணே, அந்த கன்வெர்ட்டர்..."

"காலையிலயே சொல்லக் கூடாதா சார்? பீரோ சாவி ஆபீஸ்ல இருக்கு."

சாவி வரும். பின் கன்வெர்ட்டரும் வரும், வங்கிப் பேனாவைப் போல ஒரு மரக்கட்டையில் சணலால் கட்டப்பட்டு. அந்தக் கணத்தில் கூடத்தின் தலைவர் யார் என்பதில் ஐயமில்லை. எச்டிஎம்ஐயில் வருவது டிஜிட்டல், விஜிஏ கேட்பதோ அனலாக். ஆதலால் வெறும் கம்பி போதாது, நடுவே ஒரு சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். விஜிஏ ஒலியைக் கடத்தாது என்பதால் விருந்தினர் தம் வீடியோவுக்குத் தாமே வாயால் பின்னணி கொடுப்பார்.

'யூஎஸ்பி-சி எல்லாத் துளைக்கும் ஈடாகுமே' என்பது பூர்வபட்சம். 2014இல் வெளியானது, 24 ஊசி, எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏறும்; இவை மெய்யே. ஆனால் உருவம் ஒன்றாயினும் குணம் ஒன்றல்ல. அக்கம்பக்கத்தில் இரண்டு துளை இருந்தால் ஒன்று திரைக்குப் படம் அனுப்பும், மற்றது அனுப்பாமலும் போகும். எது எது என்று காட்டும் குறி எறும்புக் கண்ணளவு.

ஆடிட்டர் அலுவலகத்தில் இந்தப் பூர்வபட்சம் எடுபடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் பெரும்பாலும் பழைய அகலமான யூஎஸ்பி முனையோடுதான் புழங்குகின்றன. டெண்டர் கடைசி நாளில், மெலிந்த லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மூலையில் கிடக்கும் தடித்த லேப்டாப்பின் தூசியை ஊதுவது அங்கே நடைமுறை.

மறுபிறவிக்கும் சான்று உண்டு. ஆப்பிள் 2016இல் மேக்புக் ப்ரோவிலிருந்து எச்டிஎம்ஐயையும் எஸ்டி கார்டு துளையையும் நீக்கியது. 2021இல் இரண்டும் திரும்பி வந்தன. இதைக் கேட்டு மகிழ்ந்து கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் ஒன்றை மறந்தனர்: திரும்பி வந்தது எச்டிஎம்ஐ, கூரையில் தொங்குவது விஜிஏ.