அவசரமில்லாத நோய்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியிலும் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வண்டி பிடிப்பார்கள். அதே பிள்ளை மாதக்கணக்கில் தூங்காமல், பள்ளிக்கூடம் போகாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் மட்டும் அவசரமே கிடையாது. 'பயந்திருக்கு' என்பார் அப்பத்தா, திருநீறு. 'ஏழரை நடக்குது' என்பார் ஜோசியர், பரிகாரம். 'செல்லைப் பிடுங்குங்க' என்பார் சித்தப்பா. இது இலவச ஆலோசனை. அப்புறம் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள். (பெருமாளைக் குறை சொல்லவில்லை. அங்கே கோயிலோடு மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. டாக்டரோடு ஒத்துப்போக அவருக்குத் தெரிகிறது, சித்தப்பாவுக்குத்தான் தெரியவில்லை.)

இத்தனைக்கும் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும் 2017-ல்தான், மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே வருஷம்தான். குழந்தைகளுக்கான மனநலச் சேவையும் அரசின் பொறுப்பு என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. வீட்டிலிருந்தபடியே அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், காசில்லை.

கடைசியில் அம்மா துணிந்து பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினால், வாசலில் மறிக்கிறார் அத்தை: "அந்த வார்டுப் பக்கம் யாராச்சும் பாத்துட்டா, நாளைக்கு இவள யாரு பொண்ணு கேட்டு வருவா?"

பெண் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள்.