டில்லன் தோற்றது மெய்யா? ஓர் உரைவளம்

1955 செப்டம்பர் 10, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘கன்ஸ்மோக்’ தொடரின் முதல் கதை. நடிகர் ஜான் வெய்ன் நேரில் தோன்றி, ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற இந்த நடிகர் பெரிய ஆளாக வருவார் என்று சிபாரிசு செய்துவிட்டுப் போகிறார். சிபாரிசின் ஈரம் காயவில்லை. டாட்ஜ் சிட்டி மார்ஷல் மேட் டில்லனாக வரும் அந்த ஆர்னஸ், டான் கிராட் என்னும் கொலைகாரனைக் கைது செய்யப் போகிறார். இருவரும் துப்பாக்கியை உருவுகிறார்கள். கிராட் முந்திக்கொள்கிறான். மார்ஷல் மண்ணில் கிடக்கிறார்.

நிகழ்ந்தது இவ்வளவே. ‘மேட் கெட்ஸ் இட்’ என்று கதைக்குப் பெயர் வைத்தவர்களும் எதையும் மறைக்கவில்லை. நம் வழக்கில் சொன்னால், மேட் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆயினும் இந்தக் கதையைப் பார்த்தவர் எவரிடமாவது “மார்ஷல் தோற்றுவிட்டாரே” என்று சொல்லிப் பாருங்கள். “தோற்றார்தான், ஆனால்…” என்று தொடங்குவார். அந்த ‘ஆனால்’ என்னும் சொல்லுக்குப் பொருள் காண்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பார்வையாளர் எத்தனை பேர் எனின், அதைச் சொன்னால் ஆய்வு அத்துடன் நின்றுவிடும்.

டில்லன் தோற்றார் என்று ஒப்புக்கொள்வோரைத் தோற்றவாதிகள் என்றும், ஒப்பாதவரைத் தோலாவாதிகள் என்றும் வகுத்துக்கொள்வோம். முதல் வகையினர் அரியர். இரண்டாம் வகையினருக்கு உட்பிரிவுகள் பல.

முதலாவது, உயரவாதிகள். ஆர்னஸின் உயரம் 6 அடி 7 அங்குலம். அவ்வளவு பெரிய ஆளை எவன் சுட்டாலும் எங்காவது படும். ஆகவே பட்டதை வைத்துச் சுட்டவனின் திறமையை அளத்தல் ஆகாது என்பது இவர்கள் கொள்கை. அற்றன்று. அதே மார்ஷல் அதே உயரத்துடன் இருபது ஆண்டுகள், 635 கதைகளில் நடமாடியிருக்கிறார். உயரம் குற்றமாயின் இரண்டாம் வாரமே தொடர் முடிந்திருக்கும்.

அடுத்தவர் கண்ணியவாதிகள். சட்டத்தின் ஆள் முந்தக் கூடாது, முந்தவிட்டுத்தான் சுட வேண்டும் என்பர். இவர்கள் காட்டும் சான்று தொடரின் தலைப்புக் காட்சி. அதில் தெருவில் எதிரே நிற்பவன்தான் முதலில் சுடுகிறான், குறி தவறுகிறது, டில்லன் பின்னால் சுட்டு வீழ்த்துகிறார். எதிரே நின்றவர் ஆர்வோ ஒஜாலா, ஆர்னஸுக்குத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். குருவைச் சுட்டுக் கொன்றுவிட்டுத்தான் வாரந்தோறும் கதை தொடங்கியது என்பதை இவ்விடத்தில் கண்ணியவாதிகள் பேசுவதில்லை.

வானொலிவாதிகள் தனிச் சாதி. 1952 முதல் இத்தொடர் வானொலியில் வந்தது. அங்கே டில்லனின் குரல் வில்லியம் கான்ராட். குரல் கம்பீரம், உடல் பருமன். அதனால் தொலைக்காட்சிக்கு அவரை எடுக்கவில்லை. இவர்கள் கருத்து ஒன்றே: “விழுந்தவர் ஆர்னஸ், டில்லன் அல்லர்.” வாதம் அசைக்க முடியாதது என்பதால் மேலே செல்வோம்.

இனி, ஆய்வின் உயிர்நிலையான தூரவாதிகள். கதையின் பிற்பகுதி இவர்கள் கையில் இருக்கிறது. குணமடையும்போது டில்லனுக்கு ஒரு சங்கதி விளங்குகிறது: கிராட் கைவேகக்காரன், ஆனால் குறி சுமார். அதனால்தான் எதிராளியை நெருங்கி நெருங்கி வருகிறான். இரண்டாம் முறை மார்ஷல் எட்ட நின்றுகொள்கிறார். கிராட் முந்துகிறான், தவறவிடுகிறான், சாகிறான். ஆகவே முதலில் நடந்தது தோல்வியன்று. தையற்காரர் வெட்டுவதற்கு முன் அளவெடுப்பது போன்றது என்பர்.

சரித்திரமும் இவர்களுக்கு ஒத்தாசை செய்கிறது. 1865 ஜூலை 21 அன்று மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக், டேவிஸ் டட் என்பவனைச் சுட்டது சுமார் 75 கஜ தூரத்தில். டட்டின் குண்டு தவறியது. தூரம் வென்றது. சரி, நெருங்கினால் என்ன கெட்டுவிடும்? அதற்கும் சான்றுண்டு, அதுவும் டாட்ஜ் சிட்டியிலேயே. 1879 ஏப்ரல் 5, லாங் பிராஞ்ச் மதுக்கடை. மிஸ் கிட்டி நடத்துவதாகத் தொடரில் வரும் கடைக்கு மூலமான அதே கடை. லீவை ரிச்சர்ட்சனும் ஃபிராங்க் லவிங்கும் துப்பாக்கி முனைகள் உரசும் நெருக்கத்தில் ஒருவரையொருவர் மாறி மாறிச் சுட்டார்கள். ரிச்சர்ட்சன் சுட்டதில் லவிங்கின் கையில் ஒரு கீறல்தான். செத்தவர் ரிச்சர்ட்சன். எட்ட நின்றவன் வென்றாலும் தூரவாதியின் கட்சி. கிட்ட நின்றவன் செத்தாலும் தூரவாதியின் கட்சி. இப்படிப்பட்டவரோடு வாதம் செய்து மீண்டவர் இலர்.

இடையில் ஒரு சட்டவாதியும் தலை நீட்டுவார். அந்நாளைய டாட்ஜ் சிட்டியில் ரயில் பாதைக்கு வடக்கே துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். கிராட்டுக்கு அபராதம் போட்டு அனுப்பியிருக்கலாம். உண்மைதான். அப்படிச் செய்திருந்தால் அரைமணிக் கதையில் மீதி நேரம் ரசீது எழுதுவதைத்தான் பார்த்திருப்போம்.

புறநடை. நடை பற்றியது என்பதால் பெயரும் பொருத்தம். டில்லனின் உதவியாளர் செஸ்டர் ஒரு காலை விறைத்து நொண்டி நடப்பார். பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்பர். அவராக நடித்த டென்னிஸ் வீவர், 1948 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் டெகாத்லனில் ஆறாவதாக வந்த ஓட்டக்காரர். நிமிர்ந்து நடந்த ஆர்னஸ்தான் இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் அன்சியோவில் காலில் குண்டு வாங்கியவர். நல்ல காலுக்கு இரங்கினார்கள். புண்பட்ட காலை யாரும் கவனிக்கவில்லை. பார்வையாளர் கருத்தின் நம்பகத்தன்மை பற்றி ஆய்வாளனுக்கு எழுந்த முதல் ஐயம் இதுவே.

முடிபு கூறவேண்டும். நான் தோற்றவாதி. டில்லன் தோற்றார், சுத்தமாகத் தோற்றார், நல்லவேளையாகத் தோற்றார். நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 6 அன்று, ஏபிசி தொலைக்காட்சி வயட் ஏர்ப் தொடரைத் தொடங்கியிருந்தது. டாட்ஜ் சிட்டியில் நிஜமாகவே காவல் பணி பார்த்த ஏர்ப், எந்தச் சண்டையிலும் குண்டடி படாதவர் என்று பேர். வாழ்ந்த மனிதர் கற்பனை போல் இருக்கிறார். கற்பனை மனிதர் முதல் வாரமே அடி வாங்கி, பார்ப்பவர்களுக்கு ஒரு ‘ஆனால்’ வேலையைக் கொடுத்தார். ஏர்ப் ஆறு பருவம் ஓடினார். டில்லன் இருபது.

கருத்துச் சொல்லி என்ன பயன் என்பார்க்கு ஒன்று: 1967இல் சிபிஎஸ் ‘கன்ஸ்மோக்’கை நிறுத்த முடிவு செய்தபோது, அந்நிறுவனத் தலைவர் வில்லியம் பேலியே குறுக்கிட்டு அதைக் காப்பாற்றினார். இடம் கொடுத்து ஒழிந்தது ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’. எல்லோர் கருத்தும் கருத்துத்தான். பேலியின் கருத்துக்கு நாற்காலி இருந்தது.

இவ்வாய்வை மறுப்போர் தாராளமாக மறுக்கலாம். நேரில் வர விரும்புவோர் மட்டும், அருள்கூர்ந்து தெருமுனையிலேயே நின்று பேசவும்.