தெளிவுரை கோருபவர்

ஒன்றன் பொருளைத் தெளிவாக்குதலைக் குறிக்கும் ‘கிளாரிஃபை’ என்னும் ஆங்கில வினை, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘தெளிவுரை’ என்று பெயர் பூண்டு, மேலிடம் அதனை வழங்குவதாகவும் கீழிடம் அதனைக் கோருவதாகவும் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. ‘விளக்கம்’ என்பதோ இதற்கு எதிர்த்திசையில் செல்வது. மேலதிகாரி குறிப்பாணை கொடுத்துக் கேட்க, தவறியவர் கைநடுங்க எழுதித் தருவது. பின்னதற்கு இடம் வராதிருக்க முன்னதை ஓயாது கோருவதே பாதுகாப்பு என்று கண்டுகொண்டவர்தாம் இங்குப் பேசப்படும் உதவியாளர்.

அவரை மந்தபுத்தி உடையவர் என்று கருதுவது பிழை. தெளிவான அரசாணையில் ஐயம் காண்பதற்குத் தனிக்கூர்மை வேண்டும். 2021இல் அரசுப் பணியிலுள்ள பெண்களின் மகப்பேறு விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தப்பட்டபோது, ஏற்கெனவே விடுப்பில் இருப்பவர்களின் நிலை என்ன என்று கேட்பது எவருக்கும் தோன்றக்கூடிய நியாயமான ஐயம். நம் உதவியாளரோ, மாதம் என்பது நாட்காட்டி மாதமா, முப்பது நாளா, இடையில் வரும் பிப்ரவரியை எவ்வாறு கணக்கிடுவது என்று மூன்று பத்திகளில் கேட்பார். திருட்டு இன்னதென்று சொல்லவே, 2024 வரை நடப்பிலிருந்த 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தன் 378ஆம் பிரிவில் 5 விளக்கங்களும் 16 எடுத்துக்காட்டுகளும் தந்திருக்க, பிள்ளைப்பேற்றுக்கு ஒன்றிரண்டு கூடாதா என்பது அவர் வாதம். அதை மறுப்பதும் எளிதன்று.

இக்கலையின் சூட்சுமம் தன்பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தரும் தமக்கு வந்த தாள்களையும் அவற்றின்மீது எடுத்த நடவடிக்கையையும் தேதியிட்டுப் பதியும் ஏடு அது. கடிதம் மேலே போனதும் ‘தெளிவுரை கோரப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டால் தாமதம் அவர் மேசையைவிட்டு இறங்கி வேறொருவர் மேசையில் ஏறிக்கொள்கிறது. ஓய்வூதிய நிலுவைக்காக நான்காம் முறை வந்து நிற்கும் ஆசிரியையிடம், கோப்பைப் பிரித்து, நூலில் கோத்த அலுவலகப் படியைப் புரட்டி, அனுப்பிய தேதியின்மேல் விரலை வைத்து, “பாருங்கம்மா, தையிலயே எழுதியாச்சு, மூணு நினைவூட்டும் போட்டாச்சு, தெளிவுரை வந்தா மறுநாளே முடிச்சிடலாம்” என்பார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவரை இப்படி ஆக்கியதில் தணிக்கைக்கும் பெரும்பங்குண்டு. துணிந்து பணம் வழங்கியவர்மீது பல ஆண்டு கழித்துத் தணிக்கைத் தடை எழுந்து, அவர் சம்பளத்திலேயே பிடித்தம் தொடங்கிய கதைகள் ஒவ்வோர் அலுவலகத்திலும் தேநீர் நேரத்தில் சொல்லப்படுகின்றன. தெளிவுரைக்குக் காத்திருந்ததற்காகப் பணத்தை இழந்தவர் கதையை ஒருவரும் சொல்வதில்லை. (காத்திருந்து இழந்த மனுதாரர்கள் அந்தத் தேநீருக்கு அழைக்கப்படுவதில்லை.)

மேலிடத்திலும் இவரைப் போன்ற ஒருவர் அமர்ந்திருப்பதால், ஒருவழியாக வந்துசேரும் பதில் பெரும்பாலும் ‘நடைமுறையிலுள்ள விதிகளின்படி உரிய நடவடிக்கை மேற்கொள்ளலாம்’ என்ற ஒற்றை வரியாகவே இருக்கும். அதனை இருமுறை படித்து, ‘உரிய’ என்பதன் கீழ் மெல்லிய பென்சில் கோடிட்டு, ‘மேற்கொள்ளலாம்’ என்பது அனுமதியா ஆணையா என வினவும் அடுத்த கடிதத்தை அவர் அன்று மாலைத் தபாலுக்கே தயார் செய்துவிடுவார். அந்த ஒரு கடிதத்தில் மட்டும் தாமதம் என்ற பேச்சுக்கே இடமிராது.