தாய்மாமன் பெயர் இங்கே

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு காதணி விழா. முதல் நாள் ராத்திரியே முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. கொட்டை எழுத்தில், 'சீர்வரிசையோடு வருகை தரும் தாய்மாமன் பெயர் இங்கே அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்'. பழைய டிசைனைத் திறந்தவர் பெயரைப் போட மறந்துவிட்டார். மதுரையில் இது சாதாரணக் குற்றமா? கிடாயும் தாம்பாளமும் வேட்டுச் சத்தமுமாக வந்த மனிதர் போர்டைப் பார்த்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டார். வெள்ளைத் தாளில் பெயரெழுதி ஒட்டிய பிறகுதான் நகர்ந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

திருமங்கலம் பக்கம் என் அத்தைக்கு அரை ஏக்கர் மல்லி. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலைக்குத்தான் ஒரு குறியும் கிடையாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் உச்சாணியில் இருக்கும், மறுநாள் தரையில் கிடக்கும்.

"மருமகனே, கம்ப்யூட்டர் படிச்சிருக்கேல்ல? மாட்டுத்தாவணி விலையக் காலையில எந்திரிச்சதும் சொல்லு."

பூ விலை போடும் ஒரு தளத்திலிருந்து விலையை உருவ, பைத்தானில் பியூட்டிஃபுல் சூப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (லூயிஸ் கரோல் கதையில் ஓர் ஆமை பாடும் பாட்டிலிருந்து வந்த பெயர். குடிக்கிற சூப் இல்லை என்று அத்தைக்குப் புரியவைக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று.) எத்தனையாவது வரிசை என்பதை ஒரு வேரியபிளில் வைத்து, பக்கத்தில் எந்த இடம் என்று சுட்டும் சிஎஸ்எஸ் செலக்டர் நடுவே நெளிவு அடைப்புக்குறி போட்டுச் சொருகினேன். ஓடவிட்டால், செலக்டரே தப்பு என்று முகத்தில் அடித்தது. ஒன்றரை மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகு தெரிந்தது: மேற்கோள் குறிக்கு முன்னால் 'எஃப்' இல்லை. 2016 கடைசியில் பைத்தான் 3.6-ஓடு வந்த வசதி அது. அந்த ஓரெழுத்து இருந்தால்தான் அடைப்புக்குறிக்குள் ஆள் வந்து உட்காருவார்; இல்லாவிட்டால் தாய்மாமன் பெயர் இங்கே.

எஃப் போட்டேன். இப்போது திட்டு இல்லை, ஆனால் முதல் சுற்றிலேயே வெறுங்கை. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, சிஎஸ்எஸ் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. பூஜ்யமாவது வரிசையில் யார் இருப்பார்கள்? என் தாத்தா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லவே மாட்டார். 'லாபம்' என்பார், அடுத்தது இரண்டு. நானும் ஒன்றைக் கூட்டி, அந்த ஒன்றுக்கு 'லாபம்' என்றே பெயர் வைத்தேன். பைத்தான் 3 தமிழ்ப் பெயரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. கிடைத்த முதல் லாபம், அட்டவணையின் தலைப்பு வரிசை: 'பூவின் பெயர்'. மறுபடியும் ஆளில்லாத போர்டு!

அடுத்த வாரம் அந்தத் தளத்தை மாற்றிக் கட்டி, வரிசைக்கு வரிசை வெறும் எண்ணை ஐடியாக வைத்துவிட்டார்கள். இலக்கத்தில் தொடங்கும் ஐடிக்கு முன்னால் # போட்டால் சிஎஸ்எஸ் ஒத்துக்கொள்ளாது. சதுர அடைப்புக்குறி, அதற்குள் ஐடி, சமக்குறி, மேற்கோளுக்குள் மேற்கோள், நடுவில் நெளிவு அடைப்புக்குறி. சம்பந்தி வீட்டுக்கு வழி சொல்வது போல ஒரு வரி.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஒழுங்காக விலை வந்து விழுந்தது. அத்தைக்கு போன் போட்டு, கிலோவுக்கு எவ்வளவு என்று தோரணையாகச் சொன்னேன்.

"நாலு மணிக்கே பூ வண்டியில போயிருச்சு, காசும் பேசி முடிச்சாச்சு. நீ சொல்றது நேத்து விலை மருமகனே."