சித்திரைக் காய்ச்சல்

சித்திரைத் திருவிழாவில் மதுரைப் பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலைப் போல ஒழுக்கமான நோய் உலகில் இல்லை. கள்ளழகர் வைகையில் இறங்கும் அன்று அது வராது; கலெக்டரே உள்ளூர் விடுமுறை விட்டுவிடுகிறாரே! மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம். பையனுக்கு 101 டிகிரி. இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். அவதாரத்துக்கு ஒரு டிகிரி ஏறும். பூப்பல்லக்கு முடிந்து அழகர் மலைக்குக் கிளம்பியதும் மாத்திரையே இல்லாமல் இறங்கிவிடும். மருத்துவக் கல்லூரிகள் ஆராய வேண்டிய அதிசயம்.

லீவ் லெட்டரும் பரம்பரைச் சொத்து: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. ஒரு தகப்பன் மட்டும், ‘பையன் அழகரைப் பார்க்கப் போயிருந்தான்’ என்று எழுதிக் கொடுத்தார். வாத்தியார் முகம் சுளித்தார்: “ஏண்ணே பொய் எழுதுறீங்க? ரெண்டு நாளும் நான் அங்கனதான் நின்னேன். உங்க பையனைக் காணோமே! காய்ச்சல்னு எழுதிட்டு வாங்க.”