புலியைப் பார்க்காமல் திரும்புவது எப்படி?

காஞ்சிபுரத்திலிருந்து முதுமலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியப் பெருமக்களுக்குச் சில யோசனைகள்.

முதல் வேலையாகப் பெற்றோர் கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிடுங்கள்: "புலி கண்டிப்பா உண்டுங்க." 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் புலிகள் 306. அதில் ஒன்றுகூடவா நம் பள்ளிக்காக வெளியே வராது? நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதரே 2019இல் 48 நாள் தேதி சொல்லித் தரிசனம் கொடுத்த ஊர் நம்முடையது. முதுமலையில் தெப்பக்காட்டில் இறங்கியதும் சிறப்பு தரிசனச் சீட்டு எங்கே தருகிறார்கள் என்று விசாரியுங்கள்.

காஞ்சிபுரம் இட்லி கட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். மந்தாரை இலையில் வெந்தது. சோதனைச்சாவடியில் பிடுங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும்தான் சுற்றுலாவுக்கு லட்சணம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் மாவட்ட எல்லையிலேயே நல்ல வாக்குவாதம் கிடைக்கும். இ-பாஸ் எடுப்பதையும் அதுவரை மறந்திருங்கள்.

வனத்துறை வண்டியில் ஏறியதும் அந்தாக்ஷரி. டிரைவர் "சத்தம் வேணாம் சார்" என்றால், அவரைவிடச் சத்தமாக "சைலன்ஸ்!" என்று கத்துங்கள். மந்தியும் புள்ளிமானும் பதறிக் கொடுக்கும் குரலை வைத்துத்தான் புலி நகரும் திசையை ஊகிப்பார்கள். அது காதில் விழுந்தால் புலியைப் பார்த்துத் தொலைக்க நேரும்.

மான் எதிரே வந்தால் "மான்தானே!" என்று உதட்டைப் பிதுக்கப் பழக்குங்கள். ஒரு புலிக்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மான் அளவு இரை தேவை. அப்படித் தின்றும் கூட்டம் குறையாமலிருக்க, அதைச் சுற்றி ஐந்நூறு உருப்படியாவது மேய வேண்டும். அவை மேயப் புல் வேண்டும். அந்தப் புல்லை மூச்சுத்திணற வைப்பது, சாலையோரம் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும் உண்ணிச்செடி. அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்தது, காட்டையே வளைத்துக்கொண்டது. வனத்துறை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளை அதன் முன்னால் வரிசையாக நிறுத்தி குரூப் போட்டோ எடுங்கள். பின்னணி பிரமாதமாக இருக்கும்.

ஒரு ஆபத்து இருக்கிறது. மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராவை வேட்டைத் தடுப்புக் காவலர் காட்டுவார். உடனே பிள்ளையார்பாளையத்துத் தறிக்கார வீட்டுப் பெண் எவளாவது கேட்பாள்: "ஒரே புலிய ரெண்டு தடவ எண்ணிட மாட்டீங்களாண்ணா?" புலிக்குப் புலி வரி வேறு, விலாப்பக்கத்துப் படத்தை வைத்தே ஆளை அடையாளம் காண்போம் என்பார் அவர். "சேலையில எங்கப்பா போட்ட புட்டாவ எந்தக் கடையில பார்த்தாலும் நான் சொல்லிடுவேன், அது மாதிரியா?" என்று அவள் தொடர்வாள். இருவருக்கும் பேச்சு சூடுபிடித்துவிடும். உடனே விசில் அடியுங்கள். ஊட்டியில் சாக்லேட் கடை மூடிவிடும்.

ஊர் திரும்பியதும் 'நான் கண்ட புலி', பத்து மதிப்பெண், ஒன்றரைப் பக்கம். காணாதவர்களும் எழுதலாம்.

பெற்றோர் கேள்வி கேட்டால் பிள்ளைகளை நம் ஊர்க் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். பல்லவன் வைத்த சிங்கங்கள் தூணுக்குத் தூண் நிமிர்ந்து நிற்கின்றன; எவ்வளவு பாடினாலும் ஓடாது. வாட்ச்மேன்தான் திட்டுவார்.